உங்களுக்குத் தெரியுமா? சுஷித் தட்டில் நம்ம சூரை!

வடக்குத்து வீடுகளில் புளிக்குழம்பில் கொதிக்கிற சூரைக்கு ஜப்பானில் வேறு மரியாதை. மஞ்சள் துடுப்புச் சூரை வங்கக் கடலிலும் கிடைக்கிறது. சோற்றின் மேல் பச்சை மீன் துண்டு வைத்துத் தரும் சுஷித் தட்டில் அதன் பெயர் ‘மகுரோ’. வரியே இல்லாத அடர் சிவப்புத் துண்டு என்றால் பெரும்பாலும் அதுதான்.

ஆரஞ்சு நிறத்தில் வெள்ளை வரி ஓடினால் சால்மன். இதை ஜப்பானியர்கள் முன்பு பொதுவாகப் பச்சையாகத் தின்றதில்லை. 1980களில் நார்வேக்காரர்கள் போய்ப் பழக்கிவிட்டார்கள்! நம்மூர் காலா மீனையும் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிறார்கள். அது வேறு குடும்பம், சதையும் வெள்ளை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பால் வெள்ளையில் பளபளத்தால் கணவாய். விலாங்கு ஏறக்குறைய எப்போதும் வெந்துதான் வரும். அதன் வேகாத இரத்தத்தில் நஞ்சு உண்டு.

சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாகச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஒட்டுண்ணிப் புழு சாக, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் சேரும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. ஐஸில் கிடக்கும் சூரையையே கேட்டு வாங்குங்கள்.