முதுகில் பை, கையில் பாஸ், கணக்கில் 140 நாள்
ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகளின் கோடை

ஜெர்மனியில் ஜூலை நடுவில் கல்லூரி வகுப்புகள் முடிந்துவிடும். அடுத்த வகுப்பு அக்டோபரில்தான். இடையில் உள்ள இரண்டரை மாதத்துக்கு அங்கே லீவு என்று பெயர் இல்லை. 'வகுப்பு இல்லாத காலம்' என்றே சொல்கிறார்கள். வகுப்புதான் இல்லை, பரீட்சை உண்டு, எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரை உண்டு. தவறிப்போன பாடத்துக்கு மறு பரீட்சையும் பல இடங்களில் செப்டம்பரில்தான் வருகிறது.

இந்த இரண்டரை மாதத்துக்குள் படிக்கவும் வேண்டும், நாலு காசு சம்பாதிக்கவும் வேண்டும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டும். மூன்றையும் செய்துவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றில் ஒன்றைக் கோட்டைவிட்டு விழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பெங்களூருக்கும் மும்பைக்கும் பிழைக்க வந்த நம் குடும்பங்களிலிருந்தும் இப்போது பிள்ளைகள் அங்கே படிக்கப் போகிறார்கள். அங்குள்ள அரசுப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதுதான் முதல் காரணம். ஆனால் 'இலவசம்' என்று நினைத்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. விசா வேண்டுமானால் ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 11 லட்சத்து 90 ஆயிரத்து 400 ரூபாய். அப்பாவின் பி.எப். கடன், அம்மாவின் நகை, பாங்க் லோன் எல்லாம் சேர்ந்துதான் இந்தத் தொகை. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கையில் கிடைக்கும். அறை வாடகை, மருத்துவ இன்சூரன்ஸ், சாப்பாடு என்று அது கரைந்துவிடும். ஆகவே கோடையில் வேலைக்குப் போவது பலருக்கு ஆசை அல்ல, தேவை.

கிடங்கில் இரவு வேலை

என்ன வேலை? பார்சல் கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது, கடையில் சாமான் அடுக்குவது. செப்டம்பரில் மோசல், ரைன் நதிக்கரைகளில் திராட்சை அறுவடைக்கும் ஆள் எடுப்பார்கள். ஊரில் தன் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவாத பிள்ளை அங்கே ஊரார் தட்டைக் கழுவுகிறான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அந்த நாட்டு மாணவர்களும் அதே தொட்டியில்தான் கழுவுகிறார்கள்.

குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13 யூரோ 90 சென்ட். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 556 யூரோ. ஆறு வாரத்துக்கு 3,336 யூரோ. சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இங்கே நமக்கு ஆபீசில் பாரம் 16 தருகிற மாதிரி அங்கேயும் முதலாளி ஒரு தாள் தருவார். அதைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு குமாஸ்தா இருந்தால் இந்த வேலை சுலபம்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டு மாணவன் ஓர் ஆண்டில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம். 2024 மார்ச் வரை அது 120 முழு நாளாக இருந்தது. நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தால் அரை நாள். கொஞ்சம் கூடினாலும் முழு நாள் கணக்குதான். பல்கலைக் கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் செய்கிற வேலை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கிடைத்தால் அதை விடவே கூடாது. சொந்தத் தொழில் செய்ய வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

ஆறு வாரம், வாரம் ஐந்து நாள் என்றால் அதிகபட்சம் 30 நாள் போகும். அது பெரிதல்ல. ஆனால் வருடம் முழுவதும் சனி, ஞாயிறு மாலைகளில் வேலை பார்த்துவிட்டு, கோடையிலும் ஓவர்டைம் என்று இறங்குகிறவன் எல்லையைத் தாண்டியது தெரியாமலே தாண்டிவிடுவான். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது வெளிநாட்டினர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டுகளைக் கேட்கலாம். அப்போது கணக்கு வெளியே வந்துவிடும்.

பரீட்சை விஷயம் இதைவிடக் கடுமை. பல பல்கலைக் கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போயிற்று. அதே படிப்பில் வேறு கல்லூரியில் சேர்வதும் நடவாது. இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் புத்தகத்தின் முன் தூங்குகிறவனுக்கு அந்த 3,336 யூரோ மிகவும் விலை கூடிய பணம். இங்கே மாதாமாதம் தவணை கட்டுகிற அப்பாவிடம் அவன் இதையெல்லாம் சொல்வதும் இல்லை. 'நன்றாக இருக்கிறேன்' என்பதுதான் போனில் வரும் பதில்.

ரயில் ஏறுகிறான்

உழைத்தவன் கடைசி இரண்டு, மூன்று வாரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறான். அதற்கு ஏற்றது 'இன்டர்ரெயில்' பாஸ். சர்வதேச ரயில்வே சங்கத்தின் 50-ம் ஆண்டையொட்டி 1972-ல் இது வந்தது. அப்போது 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். 21 நாடுகளில் செல்லும். இன்று 33 நாடுகள், எந்த வயதினரும் வாங்கலாம். 27 வயது வரை சலுகைக் கட்டணம். ஐரோப்பாவில் சட்டப்படி குடியிருக்கும் நம் மாணவனும் இதை வாங்க முடியும். இங்கிருந்து சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு 1959-ல் தொடங்கிய 'யூரெயில்' தனி.

குடியிருக்கும் நாட்டுக்குள் இந்தப் பாஸில் இஷ்டம்போல் சுற்ற முடியாது. எல்லைக்குப் போக ஒரு தடவை, திரும்பி வர ஒரு தடவை, அவ்வளவுதான். பிரான்சின் அதிவேக ரயில்களுக்கும், இரவில் படுத்துப் போகும் வண்டிகளுக்கும் ரிசர்வேஷன் பணம் தனி. பாஸ் இருந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது என்பதை ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜெர்மன் ரயில் நிலையங்களில் டிக்கெட் சரிபார்க்கும் கேட் கிடையாது. யாரும் உள்ளே போகலாம், வரலாம். சோதனை வண்டிக்குள்தான். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. கேட் இல்லையே என்று துணிந்து ஏறியவர்கள் ஒரு வார மளிகைக் காசைக் கட்டிவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

படுக்க இடம்? அதற்கு ஒரு பள்ளி வாத்தியாருக்கு நன்றி சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஷிர்மான் என்பது அவர் பெயர். 1909 ஆகஸ்டில் மாணவர்களை நடைப்பயணமாக அழைத்துப் போனவர், இடி மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மேல் இரவைக் கழித்தார். விடுமுறையில் சும்மா பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஏன் தங்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1912-ல் ஆல்ட்டேனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. இந்த இயக்கத்துக்கு இந்தியாவிலும் கிளை உண்டு. தலைமையகம் டில்லி சாணக்கியபுரியில் இருக்கிறது.

ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். மேலும் கீழுமாகக் கட்டில். நம் ஸ்லீப்பர் கோச்சில் படுத்தவனுக்குப் பழக்கமான ஏற்பாடுதான். பல விடுதிகளில் பொதுச் சமையலறை உண்டு. அரிசியும் ஊறுகாயும் பையில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். நாலு பாட்டிலுக்கு ஒரு யூரோ ஆயிற்று.

எல்லையில் மட்டும் அலட்சியம் கூடாது. ஜெர்மனியின் குடியிருப்பு அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் சுற்றலாம். சுவிட்சர்லாந்தும் இதில் அடக்கம். பிரிட்டன் அடங்காது, அதற்குத் தனி விசா. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டையும் அனுமதிக் கார்டையும் அறையில் பத்திரமாக வைத்துவிட்டு நகலோடு கிளம்பினால், நடுவழியில் போலீசாரோடு இறங்க வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று. அடுத்த பருவத்துக்குப் பெயரைத் திரும்பப் பதிந்து கட்டணம் கட்டும் கடைசித் தேதி, பல கல்லூரிகளில் இந்தக் கோடைக்குள்தான் வரும். தவறவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள். எந்த ஊர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அன்றைக்குள் பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.