78 மீட்டருக்கு நடுவே ஒரு தூண் கூட இல்லை! இந்தியாவின் அடையாளக் கட்டடங்களை நிற்க வைத்த மகேந்திர ராஜ் யார்?

2017 ஏப்ரல் மாதம், டெல்லி பிரகதி மைதானத்தில் இருந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சி அரங்கம் ஓர் இரவில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சுதந்திரத்தின் 25-ம் ஆண்டையொட்டி 1972-ல் திறக்கப்பட்ட அரங்கம் அது. இடிக்கப்பட்டபோது அதன் வயது வெறும் 45.

அதை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவால் பெயர் அப்போது செய்திகளில் அடிபட்டது. ஆனால், அது விழாமல் நிற்கக் கணக்குப் போட்டவர் இன்னொருவர். அவர்தான் மகேந்திர ராஜ்.

ஆர்க்கிடெக்ட் வேறு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேறு!

வீடு கட்டும்போதே இதைப் பார்த்திருப்போம். ஹால் எங்கே, ஜன்னல் எங்கே என்று பிளான் போடுபவர் ஒருவர். எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, பீம் எவ்வளவு தடிமன் என்று சொல்பவர் இன்னொருவர். பெரிய கட்டடங்களில் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி எனப்படும் ஆலோசனை நிறுவனங்கள்தான். கல்வெட்டில் இவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது.

யார் இந்த மகேந்திர ராஜ்?

இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் 1924-ல் பிறந்தவர். லாகூரில் இன்ஜினியரிங் படித்தார். பிரிவினைக்குப் பிறகு பஞ்சாப் பொதுப்பணித்துறையில் வேலை. அப்போது சண்டிகர் நகரம் உருவாகிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு-சுவிஸ் ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே வடிவமைத்த உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம் ஆகியவற்றின் கட்டமைப்புப் பணியில் இந்த இளம் பொறியாளருக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு அமெரிக்கா போய் மேற்படிப்பு படித்தார், நியூயார்க்கில் வேலை பார்த்தார். 1960 வாக்கில் நாடு திரும்பி சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அடுத்த அறுபது ஆண்டுகளில் அவர் கைபட்ட திட்டங்கள் 250-க்கும் மேல்.

ஒரு பேப்பர் போதும், புரிந்துவிடும்

ஒரு தாளை ஓரத்தில் பிடித்துப் பாருங்கள், மடங்கித் தொங்கும். அதையே விசிறி மாதிரி மடித்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். 'ஃபோல்டட் பிளேட்' என்பது இவ்வளவுதான். பி.வி.தோஷி வடிவமைத்த அகமதாபாத் தாகூர் ஹாலுக்கு மகேந்திர ராஜ் பயன்படுத்தியது இந்த முறையைத்தான். தாளுக்குப் பதில் கான்கிரீட், அவ்வளவே வித்தியாசம்.

அதே நகரின் நவரங்புராவில் சார்லஸ் கொரியா வடிவமைத்த சர்தார் வல்லபாய் படேல் ஸ்டேடியத்திலும் இதே யுக்திதான். அங்கே மடிப்புக் கூரை, முன்பக்கம் தூணே இல்லாமல் பார்வையாளர்கள் தலைக்கு மேல் நீண்டு நிற்கிறது. மோட்டேராவில் உள்ள பெரிய மைதானத்துடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்திய மண்ணில் முதல் ஒருநாள் கிரிக்கெட் போட்டி 1981-ல் நடந்தது இந்த நவரங்புரா ஸ்டேடியத்தில்தான்.

டெல்லிக்காரர்கள் 'பைஜாமா பில்டிங்' என்று செல்லமாகச் சொல்லும், இரண்டு கால்களை அகட்டி நிற்பது போன்ற என்.சி.டி.சி. அலுவலகமும் இவர் கணக்கில் நிற்பதுதான். அதன் ஆர்க்கிடெக்ட் குல்தீப் சிங்.

ஹால் ஆஃப் நேஷன்ஸில் அப்படி என்ன விசேஷம்?

கண்காட்சி அரங்கம் என்றால் நடுவில் தூண் இருக்கக் கூடாது. இங்கே 78 மீட்டர் அகலத்துக்கு ஒரு தூண் கூட இல்லை. முக்கோணங்களைக் கோத்த கூடு போன்ற 'ஸ்பேஸ் ஃப்ரேம்' அமைப்புதான் முழு எடையையும் தாங்கியது.

வெளிநாடுகளில் இதை இரும்பில் செய்வார்கள். அன்றைய இந்தியாவில் அதற்கான இரும்புக்குத் தட்டுப்பாடு, விலையும் அதிகம். ஆனால் உழைக்கக் கைகள் ஏராளம். அதனால் கான்கிரீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். தொழிலாளர்கள் கையால் வார்த்துக் கட்டினார்கள். பணக்கார நாடுகளைப் பார்த்து காப்பியடிக்காமல், கையில் இருப்பதை வைத்தே பெரிதாகச் செய்யலாம் என்று காட்டிய கட்டடம் அது.

பிறகு ஏன் இடித்தார்கள்?

அதே இடத்தில் நவீன மாநாட்டு மையம் கட்ட மத்திய அரசு முடிவு செய்தது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள், பலன் இல்லை. தடையாக நின்றது வயது! 60 ஆண்டைத் தாண்டிய கட்டடங்களையே பாரம்பரியப் பட்டியலுக்குப் பரிசீலிக்க முடியும் என்பது டெல்லி பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் நிலைப்பாடு. மத்திய தொல்லியல் சட்டப்படி பார்த்தால் 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

இன்று அங்கே நிற்பது பாரத் மண்டபம். 2023-ல் ஜி20 உச்சி மாநாடு நடந்தது இங்கேதான். புதிய வசதி தேவை என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பழைய அரங்கத்தையும் வைத்துக்கொண்டு புதியதைக் கட்டியிருக்கலாமே என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அடுத்தது என்ன?

லூயிஸ் கான் வடிவமைத்த அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்திலும் மகேந்திர ராஜின் பங்கு உண்டு. அங்குள்ள பெரும்பாலான விடுதிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம் 2020 டிசம்பரில் வெளியானது. உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. 2022-ல், கட்டடங்கள் பாதுகாப்பாக இல்லை என்று சொல்லி அந்தப் பேச்சு மீண்டும் வந்தது. அதே ஆண்டு மே மாதம், 97 வயதில் மகேந்திர ராஜ் காலமானார்.

கோயில், கோட்டை என்றால் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. சுதந்திர இந்தியா தன் கையால் கட்டியவை இன்னும் 100 வயதைத் தொடவில்லை. வயதை மட்டுமே அளவுகோலாக வைத்தால், அந்த வயதை எட்டுவதற்குள் இவற்றில் எத்தனை மிஞ்சும்?