மூக்கு மேலே, விமானம் கீழே

திருவிடைமருதூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: சின்ன விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே வந்தும், ஏறாமல் தரையில் இறங்குகிறதே, எப்படி?

மூக்கு பார்க்கும் திசையில்தான் விமானம் போகும் என்று கட்டாயமில்லை. இறங்கும்போது வேகத்தைக் குறைக்கிறார்கள். வேகம் பாதியானால் இறக்கையின் தூக்குவிசை கால்பங்காகிவிடும். எடையோ அப்படியே இருக்கும். ஈடுகட்ட, எதிர்க்காற்றுக்கு இறக்கையைச் சாய்த்துக் காட்ட வேண்டும். மூக்கு உயர்வது அதற்காகத்தான். சாய்வு சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த விசித்திரம் ஃபிளாப். இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை அது. அதை இறக்கினால் அதே வேகத்தில் கூடுதல் தூக்குவிசை கிடைக்கும். மூக்கைத் தாழ்த்தலாம், பைலட்டுக்கு ஓடுதளம் தெரியும். ஆனால் செஸ்னா 172 போல இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் ஃபிளாப் இறங்கியதும் மூக்கு முதலில் எழும்பும்! வால்பக்கம் போகும் காற்றின் போக்கு மாறிவிடுவதும் அதற்கொரு காரணம். கைப்பிடியை முன்னே தள்ளி அடக்க வேண்டும். இறங்கும்போது மனம் மாறி மறுபடி ஏற இன்ஜினுக்கு முழு விசை கொடுத்தால் அந்த மூக்கு இன்னும் முரண்டுபிடிக்கும்.

புது விமானத்தில் இதையும் சோதித்துப் பார்ப்பார்கள். பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்ஜி பயிற்சி விமானத்தை 2022 பிப்ரவரி 19 முதல் மார்ச் 5 வரை புதுச்சேரியில் சோதித்தார்கள். பெங்களூரு மேட்டு நிலம், கடல்மட்டக் காற்று அங்கே ஏது? இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறுவதும் அந்தச் சோதனைகளில் ஒன்று.

சுமை இருக்கும் இடமும் மூக்கை மாற்றும். இது நம் வண்டிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். நெற்கட்டு முன்பாரமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகத்தடி கிளம்பும். விமானத்தில் முன்பாரத்தைச் சமாளிக்க வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தையும் இறக்கைதான் சுமக்கிறது. பின்பாரம் அதைவிட மோசம். கைப்பிடி லேசாகும், மூக்கு அலைபாயும், சுழன்று விழத் தொடங்கினால் மீட்பது கடினம்.

அதனால்தான் ஆள், எரிபொருள், பை எல்லாவற்றையும் எடையோடும் வைக்கும் இடத்தோடும் கணக்கிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றும் வேனில்கூட நாம் 'இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்' என்று கண்ணளவில் முடிவெடுக்கிறோம். கண்ணளவு கிடக்கட்டும், சராசரிக் கணக்குகூட ஏமாற்றும். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் சிறிய பயணி விமானம் ஒன்று கிளம்பியதும் மூக்கு அளவுக்கு மீறி எழும்பி விழுந்தது. 21 பேரும் இறந்தார்கள். மூக்கை இயக்கும் கம்பியைத் தவறாகச் சரிசெய்திருந்தார்கள், போதாக்குறைக்குப் பின்பாரம். பயணிகளை நிறுத்துப் பார்க்காமல் சராசரி எடை போட்டிருந்தார்கள். மக்கள் அந்தச் சராசரியைவிடக் கனத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. விபத்துக்குப் பிறகுதான் சராசரியை உயர்த்தினார்கள்.