முதலில் தரையைப் பாருங்கள்

விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் எங்கள் தெருவில் குளவிக்கூடு, சாரைப்பாம்பு, மரநாய் என்று எது வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். பாளையங்கோட்டையில் அதிகம் வருவது வௌவால் புகார். பேசுகிறவர்கள் எல்லோரும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "கீழ தரையில என்ன கெடக்கு?"

அரிசி மணி அளவில் கறுப்பாக எச்சம் கிடக்கிறது என்றால் பாதிப் பேர் அதை எலிப் புழுக்கை என்று முடிவுகட்டி, எலிப்பொறி வாங்கி வைத்திருப்பார்கள். ஒரு காகிதத்தில் அதைத் தள்ளி எடுத்து, இன்னொரு காகிதத்தால் மூடி அழுத்திப் பாருங்கள். காய்ந்த எலிப் புழுக்கை கெட்டியாக நிற்கும். பூச்சி தின்னும் வௌவாலின் எச்சம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உதிர்ந்த பொடியை வெயிலில் பிடித்தால் அங்கங்கே மினுங்கும். அதெல்லாம் வண்டுகளின் ஓட்டுச் சில்லும் பூச்சி இறகும். முனையில் வெள்ளையாக இருந்தால் அது பல்லி. இது எதுவுமில்லாமல் பழச்சக்கையும் கொட்டையும் சுவரில் ஊதாக் கறையுமாக இருந்தால் வந்துபோவது வேறு ஆள். இரண்டு பேருக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் ஆளை எடுத்துக்கொள்வோம். பிப்பிஸ்ட்ரெல் என்ற சின்ன வௌவால், எடை நாலைந்து கிராம்தான். சுண்டுவிரல் நுழைகிற இடுக்கு அதற்குப் போதும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே, ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டையில், ரோலிங் ஷட்டர் சுருளும் பெட்டியில் குடியிருக்கும். முனைக்கடை அண்ணாச்சிக்குப் பெயர்ப்பலகையின் பின்னால். "மருந்து அடிச்சிருவமா டீச்சர்?" என்றார். "அடிச்சா உள்ள கெடந்து செத்து நாறும் அண்ணாச்சி. பெறவு போர்டையே கழத்தணும்" என்றேன். அவருக்கு உயிரிரக்கத்தைவிட போர்டு கழற்றும் செலவு சட்டென்று புரிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. எந்தக் காரணத்துக்காகக் கொல்லாமல் விட்டாலும் சரி.

பாச்சை உருண்டை கட்டித் தொங்கவிடுவது, சாம்பிராணி போடுவது, பழைய சிடி தொங்கவிடுவது, காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுவது எல்லாம் நடக்கிறது. புகைக்கு அன்றைக்குப் போகும், மறுநாள் வரும். உருண்டையின் நெடி வௌவாலுக்கு முன்னால் நம்மைத்தான் படுத்தும். ஓட்டையை அடைப்பது ஒன்றே வழி. ஆனால் உள்ளே வௌவால் இருக்கும்போது அடைத்தால் அண்ணாச்சிக்குச் சொன்ன அதே நாற்றம்தான்.

அதனால் முதலில் ஒரு சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். வரும் வாயைக் கண்டுபிடித்துவிடலாம். அடிக்கடி உரசி அந்த இடம் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்தும் இருக்கும்.

உள்ளே இருட்டில் கிடப்பவைக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் அவர்களுடைய குழுவும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைத் தனியே கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் கூட்டம் போய்வந்துகொண்டிருந்தவரை கூண்டு வௌவாலும் அதே நேரத்துக்குச் சிறகடித்தது. கூட்டம் இல்லாத இடத்தில் அதன் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. கூட்டத்தின் நடமாட்டத்தை வைத்துத்தான் நேரம் சரிசெய்துகொள்கின்றன என்று 1981-ல் எழுதினார்கள். வாசலில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: முதல் வௌவால் கிளம்பிவிட்டால் மற்றவையும் அதிக நேரம் காக்க வைக்காது.

எல்லாம் போன பிறகு ஓட்டையில் காது வைத்துக் கேளுங்கள். கீச்சுக்குரல் கேட்டால் குட்டிகள் உள்ளே இருக்கின்றன. அப்போது அடைக்கவே கூடாது. தாய் வெளியே முட்டிக்கொண்டு கிடக்கும், குட்டி உள்ளே பட்டினியில் சாகும். ஒன்றரை மாதம் பொறுத்தால் குட்டிகளும் பறக்கத் தொடங்கிவிடும். சத்தம் இல்லையென்றால் கொசுவலைத் துணியை ஓட்டைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஒட்டி, அடிப்பக்கம் இரண்டடி தொங்கும்படி திறந்துவிட வேண்டும். வெளியே வருவது வலைக்கும் சுவருக்கும் நடுவே நழுவி இறங்கிப் பறந்துவிடும். திரும்பி வருவது நேரே ஓட்டையைத் தேடி வலையில் மோதி, வேறு இடம் பார்க்கப் போய்விடும். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். மழை பெய்த ராத்திரிகளில் சில வௌவால்கள் வெளியே வராமலே இருந்துவிடும் என்பதால் இந்த அவகாசம். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடலாம்.

எச்சத்தை அள்ளும்போது காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம், கையுறையோடு அள்ளுங்கள்.

சில நேரம் ஒன்று வழி தப்பி அறைக்குள் வந்துவிடும். "ஆகாதும்பாங்களே டீச்சர், மூதேவி வந்த மாதிரிம்பாங்களே" என்று பக்கத்து வீட்டுப் பெண் கலங்கினாள். மூதேவியை அப்புறம் பார்ப்போம், முதலில் மின்விசிறியை நிறுத்து என்றேன். நம் ஊர் வீடுகளில் உள்ளே வந்த வௌவாலைக் கொல்வது பெரும்பாலும் விசிறியின் இறக்கைதான். மற்ற அறைகளின் கதவைச் சாத்தி, ஜன்னலை அகலத் திறந்து, உள்விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். துடைப்பத்தைத் தூக்க வேண்டாம். தலைமுடியில் வந்து சிக்கும் என்பது கதை. கொசுவைக் காற்றிலேயே பிடிக்கிற பிராணிக்கு உங்கள் தலை எங்கே இருக்கிறதென்று தெரியும். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் மூன்றே இனம், மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில்.

தரையில் விழுந்து கிடப்பது பல நேரம் தானாக மேலெழும்ப முடியாமல் தவிக்கும். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுத்து, வெளியே உயரமான சுவரிலோ மரத்திலோ பற்றிக்கொள்ளும்படி விட்டால் போதும். வெறுங்கை கூடவே கூடாது. வௌவால் மூலமும் வெறிநாய்க்கடி நோய் வகைக் கிருமிகள் பரவக்கூடும். கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் எவ்வளவு சின்னதானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் விவரத்தைச் சொல்லுங்கள்.

இப்போது ஊதாக் கறைக்காரர். குறுமூக்குப் பழவௌவால் என்ற இவர் உங்கள் போர்ட்டிகோவில் குடியிருப்பதில்லை. சாப்பிட மட்டும் வருகிறார். நாவல், கொய்யா, வாதாங்கொட்டை எதுவானாலும் காய்த்த மரத்திலேயே உட்கார்ந்து தின்பது ஆபத்து என்று பறித்துக்கொண்டு வந்து, மழை படாத, பூனை எட்டாத உங்கள் கான்கிரீட் கூரையில் தொங்கி, சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகிறார். பகலில் அவர் இருப்பது இலைகளுக்கு நடுவே. ஆண் வௌவால் நெட்டிலிங்க மரத்திலும் திரைபோலத் தொங்கும் கொடிகளிலும் தண்டையும் இலையையும் கடித்து, உள்ளே குடைந்து கூடாரம் அமைத்துப் பெண்களை வரவழைக்கும். பாலசிங், கோயில்ராஜ், அமெரிக்கரான தாமஸ் கன்ஸ் ஆகியோர் 1995-ல் வெளியிட்ட கூடார ஆய்வு எங்கள் பாளையங்கோட்டைக் கொடிகளைப் பார்த்து எழுதியதுதான்.

இந்த வௌவாலைத் துரத்தினால் இலுப்பைக்கு விதை பரப்ப ஆள் குறையும். அதற்காக உங்கள் வெள்ளைச் சுவர் ஊதாவாக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் பற்றித் தொங்கும் கொக்கி, கம்பி, சொரசொரப்பான விளிம்பு எது என்று பார்த்து அங்கே வழவழப்பான பிளாஸ்டிக் தகடு அடித்துவிடுங்கள். பிடி கிடைக்காவிட்டால் அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்விடுவார். (அடுத்த வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்வார்.) கறையை விடிந்ததும் கழுவிவிட்டால் போகும், வெயில் ஏறிவிட்டால் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். பழமரத்துக்கு நைலான் வலை போர்த்துவதை மட்டும் செய்யாதீர்கள். இறக்கை சிக்கி ராத்திரி முழுக்கக் கிழிபடும். நமக்கு வேண்டிய பழங்களுக்கு மட்டும் துணிப்பை கட்டினால் போதும்.

கடைசியாகப் பெரிய பழந்தின்னி வௌவால். இறக்கை விரித்தால் நாலடிக்கும் மேல். ஆல், புளி, ஆற்றங்கரை மருத மரங்களில் பகல் முழுக்கச் சளசளத்துக்கொண்டு கூட்டமாகத் தொங்கும். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று சுட்டுத் தின்றவர்கள் உண்டு. அதில் மருந்தும் இல்லை, மகத்துவமும் இல்லை. வருடத்துக்கு ஒரே குட்டி போடும் பிராணி, சுடச்சுடக் குறையத்தான் செய்யும். 1972 வனவிலங்குச் சட்டம் பழவௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழந்தின்னி இப்போது பாதுகாக்கப்பட்ட உயிர்களில் ஒன்று. கோவை கிட்டாம்பாளையத்தில் இவற்றுக்காகவே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள்.

2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்ததிலிருந்து, இந்த மரங்களை வெட்டச் சொல்லி மனு கொடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். நிபா கிருமி இந்த வௌவால்களிடம் இருப்பது உண்மை. ஆனால் மரத்தில் தொங்கும் வௌவாலைப் பார்த்ததால் யாருக்கும் வராது. அதன் எச்சிலும் சிறுநீரும் நம் வாய்க்குள் போகும் வழியைத்தான் அடைக்க வேண்டும். வங்கதேசத்தில் பச்சை ஈச்சம்பதநீர் குடித்தவர்களுக்கு வந்தது அப்படித்தான். மரத்தை வெட்டினால் கூட்டம் கலைந்து நாலு தெருவுக்குப் பிரிந்து போகுமே தவிர ஒழியாது. ஆகவே மனு எழுதும் நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். அணிலோ வௌவாலோ, கடித்த பழம் கீழே கிடந்தால் பிள்ளைகளை எடுக்க விடாதீர்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவித் தின்னுங்கள். துணி காயப்போடும் கொடியை அந்த மரத்தடியிலிருந்து மாற்றிக் கட்டுங்கள். பதநீர் வாங்கினால், ராத்திரி கலயத்துக்கு மூடி கட்டியிருந்தாரா என்று பனையேறும் அண்ணனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.