நூலகக் கூட்டுறவும் நூலகர்களின் பொறுப்பும்

எந்தவொரு நூலகமும் தனக்கு வேண்டிய நூல்கள் அனைத்தையும் தானே வாங்கி வைத்திருப்பது சாத்தியமன்று. நூல்களினதும் ஆய்விதழ்களினதும் விலைகள் உயர்ந்து செல்லும் நிலையில், நூலகங்கள் கூட்டுறவாகச் செயற்படுவது தவிர்க்க முடியாததாகும். அத்தகைய கூட்டுறவை நெறிப்படுத்தும் பணிப்பாளர் சபையில் பல்கலைக்கழக நூலகர்கள் ஏன் இடம்பெற வேண்டும் என்பது சிந்தனைக்குரியது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஓ.சி.எல்.சி. அமைப்பாகும். 1967 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இணைந்து இதனை ஆரம்பித்தன. யேல் பல்கலைக்கழகத்தில் நூலகராகப் பணியாற்றிய பிரெட்ரிக் கில்கோர் அதனை வழிநடத்தினார். ஒரு நூலகம் பட்டியலிட்ட நூலின் பதிவை ஏனைய நூலகங்களும் பயன்படுத்தலாம் என்பதே அதன் அடிப்படை. 1971 ஆகஸ்ட் 26 ஆம் திகதி கணினிவழிப் பட்டியலாக்கம் தொடங்கிய நாளில் 133 நூல்களே பதிவாகின. இன்று அப்பதிவுகள் 50 கோடியைத் தாண்டியுள்ளன.

அதன் பணிப்பாளர் சபையில் நிதி, வர்த்தகத் துறையினரும் நூலகர்களும் ஒன்றாக அமர்கின்றனர். அங்கத்துவ நூலகங்களின் பேரவை சபை உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைத் தெரிவு செய்கின்றது. இந்த ஏற்பாட்டின் அவசியத்தை 2008 இல் எழுந்த சர்ச்சை உணர்த்தியது. பதிவுகளை நூலகங்கள் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் கொண்ட புதிய கொள்கையை அவ்வமைப்பு அறிவித்தபோது, நூலகர்களிடமிருந்து பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. தாம் உழைத்து உருவாக்கிய பதிவுகள் எவருக்குச் சொந்தம் என்று அவர்கள் கேட்டனர். 2009 இல் அக்கொள்கை கைவிடப்பட்டு, 2010 இல் அங்கத்தவர்களின் கருத்தறிந்து வேறொரு கொள்கை உருவானது.

சபையில் அமரும் நூலகருக்கும் கடமையுண்டு. அவர் தமது பல்கலைக்கழகத்தின் சலுகைகளுக்காக வாதாடுபவராக இருத்தலாகாது. பெரிய நூலகத்தின் குரல் சிறிய நூலகத்தின் தேவையை அமுக்கிவிடுமாயின், அது பெயரளவிலான கூட்டுறவாகவே இருக்கும்.

எமது நாட்டிலும் இவ்விடயம் முக்கியத்துவம் பெறுகின்றது. ஹந்தானை மலையடிவாரத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக விளங்கிய எச்.ஏ.ஐ. குணதிலக்க, இலங்கை பற்றி மேற்கத்திய மொழிகளில் வெளியானவற்றைத் திரட்டி, 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக நூற்பட்டியல் வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு நூலகவியலாளர் என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' 2002 முதல் வெளிவரத் தொடங்கியது. இவை தனிமனித உழைப்பின் அருஞ்சாதனைகள். ஆயினும் தனிமனித உழைப்பை மட்டும் நம்பி ஒரு சமூகம் தன் அறிவுச் செல்வத்தைப் பேண முடியாது.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையையும் 1885 இல் 'அசன்பே' கதையையும் வெளியிட்டார். இத்தகைய அரிய வெளியீடுகளின் பிரதிகள் எங்கெங்கே உள்ளன என்பதை மாணவரொருவர் ஒரே பட்டியலில் கண்டறிய வேண்டும். அரபுத் தமிழ் ஏடுகளும் மலையகச் சிறு பிரசுரங்களும் அதில் இடம்பெறல் வேண்டும். தமிழ் நூலின் பெயர் ஆங்கில எழுத்தில் மட்டும் பதிவானால், தமிழில் தேடுபவருக்கு அது கிட்டாது. இத்தகைய குறையை வாசகரோடு அன்றாடம் பழகும் நூலகரே முதலில் அறிவார்.

எனவே, நூலகக் கூட்டுறவு எதுவாயினும் அதன் தீர்மானங்கள் நிதியறிக்கையை மட்டும் பார்த்து எடுக்கப்படலாகாது. மும்மொழி வாசகர்களின் தேவையறிந்த நூலகர்களுக்கு அச்சபைகளில் உரிய இடமளிக்கப்பட வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.