தகவல் துளி: ஒட்டும் பசையும் உருக்கும் பசையும்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்ன விமானம், கப்பல் செய்கிறவரா நீங்கள்? அந்தத் துண்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதற்கான மாடல் சிமென்ட், சரியாகச் சொன்னால், ஒரு கரைப்பான். இரண்டு விளிம்புகளையும் இளக்கிக் கலக்கவிட்டு, தான் ஆவியாகிவிடும். பிறகு இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான்.

ஜப்பானின் டாமியா நிறுவனம் மிக மெல்லிய சிமென்ட் விற்கிறது. மூடியிலேயே தூரிகை இருக்கும். துண்டுகளை முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும், திரவம் இடுக்கு நெடுக ஓடிவிடும். விரல் மட்டும் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால், இறக்கையில் உங்கள் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும்! பெயின்ட் அடித்த விளிம்பைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

உலோகம், ரெசின் துண்டுகளுக்கு சூப்பர் க்ளூ. ஆனால் விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு அது ஆகாது. ஆவி படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், 1942-ல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் குழுவினரிடம்தான் அந்த ரசாயனம் முதலில் சிக்கியது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள்.

கண்ணாடி மூடிக்குத் தச்சர்களின் வெள்ளைப் பசை போதும். வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சிமென்ட் வாடை தலையைச் சுற்றவைக்கும், தீயும் பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம்.