கறுப்புப் பாயா, வெள்ளைப் பாயா?

சூனியோ முனை என்று பெயர் சொன்னால் சிரிக்கக் கூடாது. நம் ஊர்ச் சூனியத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகரத்திலிருந்து கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் தள்ளி, நிலம் முடிந்து கடல் தொடங்குகிற இடம் அது. மூன்று பக்கமும் கடல். கடலுக்கு மேலே சுமார் 60 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை மேடு. அதன் உச்சியில் கடல் தெய்வமான பொசைடனுக்குக் கட்டிய கோயில். இன்று கூரை இல்லை, சுவர் இல்லை. தூண்களில் சில மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன.

ஒரு செப்டம்பர் நாளில் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். போகும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கடல் நம்மோடு கூடவே வரும். தனியாகப் போவதில் ஒரு வசதி உண்டு. "பார்த்தது போதும், சாப்பிடப் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுக்க ஆள் கிடையாது. ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். என் பையில் தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. மண்டைக்குள் ஒரு கேள்வி இருந்தது.

அந்தக் கேள்வி ஒரு பழங்கதையிலிருந்து வந்தது. ஏதென்ஸ் அரசர் ஏஜியஸ். அவர் மகன் தீசியஸ். கிரீட் தீவில் காளைத் தலையும் மனித உடலுமாக இருந்த மினோட்டாரைக் கொல்ல மகன் புறப்பட்டான். கப்பலில் கறுப்புப் பாய் கட்டியிருந்தது. உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாயை ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று அப்பாவோடு பேச்சு. பையன் ஜெயித்துவிட்டான். ஆனால் பாயை மாற்ற மறந்துவிட்டான். (வீட்டுப்பாட நோட்டை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவர்கள் அவனை ரொம்பத் திட்டவேண்டாம்.) முனையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, தூரத்தில் கறுப்புப் பாயைக் கண்டதும் மகன் போய்விட்டான் என்று நினைத்து, கடலில் விழுந்து உயிரை விட்டார். அதனால்தான் அந்தக் கடலுக்கு ஏஜியன் கடல் என்று பெயர் வந்தது என்பது கதை. அவர் விழுந்தது இங்கே இல்லை, ஏதென்ஸ் நகரத்துக் குன்றிலிருந்து என்று சொல்கிறவர்களும் உண்டு.

என் கேள்வி இதுதான்: அந்த உயரத்தில் நின்றால், ஒரு கப்பலின் பாயை எவ்வளவு தூரத்தில் பார்க்க முடியும்? அதன் நிறம் எப்போது தெரியும்?

முதலில் தூரம். ஒரு பெரிய தர்பூசணி மேல் ஓர் எறும்பு நிற்கிறது என்று வையுங்கள். பழத்தின் மறுபக்கத்திலிருந்து இன்னோர் எறும்பு, ஒரு குச்சியைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வருகிறது. முதல் எறும்பின் கண்ணுக்கு எது முதலில் படும்? குச்சியின் நுனி. எறும்பு அப்புறம்தான் மேலேறி வரும். கடலும் அப்படியே. பூமி உருண்டை என்பதால் கடலின் மேற்பரப்பும் வளைந்திருக்கிறது. கப்பல் வரும்போது பாய்மர நுனி முதலில் எழும், பிறகு பாய், கடைசியில்தான் உடல்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. உங்கள் கண், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது விடை. உங்கள் கண் 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தால், கடற்கரையில் தண்ணீர் ஓரமாக நிற்கும்போது சுமார் 4 கிலோமீட்டர்தான். அவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது.

சூனியோ மேட்டில் பாறை 60 மீட்டர், என் கண் அதற்கு மேல் ஒன்றரை மீட்டர். கணக்குப் போட்டால் 28 கிலோமீட்டர். காற்று ஒளியை லேசாக வளைத்துக் கொண்டுவருவதால் இன்னும் கொஞ்சம் கூடும், அதை விட்டுவிடுவோம். ஒன்றைக் கவனியுங்கள். உயரம் ஏறக்குறைய 47 மடங்கு கூடியிருக்கிறது, ஆனால் தூரம் 7 மடங்குதான் கூடியிருக்கிறது. வர்க்கமூலம் கொஞ்சம் கஞ்சன்.

கப்பலின் பாய்மரம் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் ஒருவன் ஏறி நின்றால் அவனுக்கு 10.7 கிலோமீட்டர் வரை கடல் தெரியும். இரண்டையும் கூட்டினால் 38 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் பாய்மர நுனி கடலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிடுகிறது. ஆனால், அரசருக்கு அது தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்காது. கண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறதே! வெள்ளைக் காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பென்சில் முனையால் இரண்டு பொடிப்புள்ளி வையுங்கள். சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னால் நடந்து போங்கள். மூன்றரை மீட்டர் அளவுக்குப் போனதும் இரண்டும் ஒரே புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். சிலருக்குக் கொஞ்சம் முன்னால், சிலருக்குக் கொஞ்சம் பின்னால். இதே கணக்கைப் பெரிதாக்கினால், மூன்றரை கிலோமீட்டரில் ஒரு மீட்டர், 20 கிலோமீட்டரில் சுமார் 6 மீட்டர். ஆகவே 6 மீட்டர் அகலமுள்ள பாய் 20 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் அது ஒரு வெறும் புள்ளி என்பதிலிருந்து "ஒரு பொருள்" என்ற நிலைக்கு வரும். கப்பல் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், பாய்மர நுனி எழுந்த பிறகும் இரண்டு மணி நேரம் அரசர் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நின்றிருக்க வேண்டும். பாவம்.

கணக்கை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் காற்று என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. ஓடினேன். பாறைச் செடிகளுக்குள் மேய்ந்துகொண்டிருந்த கவுதாரிகள் நாலைந்து என்னைவிட வேகமாக ஓடின. தொப்பி கோயிலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றடியில் கிடந்தது. அதற்கப்பால் போக அனுமதி இல்லை. அங்கேயே நின்று தூண்களைப் பார்த்தேன்.

இந்தக் கோயில் கி.மு. 440 வாக்கில் கட்டியது. இதே இடத்தில் இருந்த பழைய கோயிலைப் பாரசீகப் படை கி.மு. 480-இல் இடித்துவிட்டது. முதலில் 34 தூண்கள் வெளியே வரிசையாகச் சுற்றி நின்றன. ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர் உயரம். ஒரே கல் இல்லை. உரல் உரலாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை. தூணின் உடம்பில் மேலிருந்து கீழாக நெடுக்குப் பள்ளங்கள் ஓடுகின்றன. சுற்றி வந்து எண்ண முடியாததால், எனக்குத் தெரிந்த பாதிப் பக்கத்தை எண்ணி இரட்டித்தேன். 16 வந்தது. இந்த வகைக் கிரேக்கத் தூண்களில் வழக்கமாக 20 இருக்கும். இங்கே ஏன் நாலு குறைவு?

காற்றை முகர்ந்தால் பதிலின் வாசனை அடிக்கும். உப்பு! அலையிலிருந்து கிளம்பும் பொடித் துளிகள் கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து காய்கின்றன. உள்ளே உப்புப் படிகம் வளர்கிறது. இடம் போதாமல் சுவரைத் தள்ளுகிறது. மறுபடி ஈரம், மறுபடி காய்ச்சல், மறுபடி தள்ளல். இப்படியே கல் துகள் துகளாக உதிரும். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் கூர்விளிம்புக்கு இரண்டு பக்கமும் அடி. பள்ளம் குறைந்தால் அப்படிப்பட்ட விளிம்பும் குறையும். அதற்காகவே கட்டியவர்கள் 16-ஓடு நிறுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது.

வெண்மைக்கும் ஒரு காரணம் உண்டு. ஏதென்ஸின் புகழ்பெற்ற பார்த்தினன் கோயிலின் பளிங்குக்கல்லில் சிறிது இரும்பு கலந்திருக்கிறது. அது மெல்லத் துருப்பிடித்து, கல் தேன் நிறமாகிவிட்டது. சூனியோவின் பளிங்கு பக்கத்திலேயே அக்ரிலேசா என்ற பள்ளத்தாக்கில் வெட்டியது. அதில் இரும்பு கிடையாது, ஆகவே துருவும் கிடையாது. அந்தப் பளிங்கு ஆதியில் சுண்ணாம்புக்கல். பூமிக்குள் வெப்பமும் அழுத்தமும் அதைப் பளிங்காக்கின. சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் கடல் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து உண்டாவது. கடல் தெய்வத்துக்குக் கடலிலிருந்தே வந்த கல்!

கப்பலில் வருகிறவர்களுக்கு இந்த வெள்ளைக் கோயில்தான் "ஊர் வந்துவிட்டது" என்று சொல்லும் அடையாளம். ஆனால் தூரத்துப் பார்வை ஆளை ஏமாற்றும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பவுசானியாஸ் என்ற பயணி, முனையின் உச்சியில் இருப்பது அதீனா தேவியின் கோயில் என்று எழுதிவைத்தார். கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போயிருப்பார் போலிருக்கிறது. அதீனா கோயில் சற்றுத் தள்ளி, தாழ்வான இன்னொரு மேட்டில் இருந்தது. பின்னால் தோண்டிக் கிடைத்த ஒரு கல்வெட்டுத்தான் உச்சியில் இருப்பது பொசைடன் கோயில் என்று உறுதி செய்தது.

சாயங்காலம் ஆனது. மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கடல் முழுக்கத் தகடு மாதிரி பளபளப்பு. அதன் நடுவே ஒரு சின்னப் பாய்மரப் படகு வந்தது. கறுப்புப் பாய்!

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கறுப்புத்தான். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதால் தொப்பியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டேன். சூரியன் படகுக்குப் பின்னால் இருந்தது. அதனால் பாயின் என்னைப் பார்த்த பக்கத்தில் வெயில் படவில்லை. சுற்றிலும் கடல் கூசுகிற அளவுக்கு மின்னியதால் என் கண்ணின் பாவையும் சுருங்கிக்கொண்டது. மின்னலுக்கு நடுவே மங்கலாக இருப்பது எதுவும் கறுப்பாகத்தான் தெரியும், அது தும்பைப் பூவாகவே இருந்தாலும்.

படகு முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகத் தொடங்கியது. நானும் கயிற்றை ஒட்டி, கோயிலுக்குக் கிழக்குப் பக்கமாக நடந்தேன். நேர் தெற்கே வந்தபோது பாய் சாம்பல் நிறம். இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. இப்போது சூரியன் என் முதுகுக்குப் பின்னால். சாயங்கால வெயில் பாய்மேல் நேராக விழுந்தது.

தீசியஸின் பாய் உண்மையிலேயே கறுப்பு என்றுதான் கதை சொல்கிறது. இந்தப் படகின் பாய் வெள்ளை. தோய்த்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி அப்படி ஒரு வெள்ளை. நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கினேன்.